வேனுக்குள் கேட்ட கையெழுத்து

மகளுக்கு,

இரண்டு வருடம் நாலு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று தோன்றிவிட்டது, அதனால் எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். அவளுக்கு முழங்கால் வலி, எனக்கு வழக்கம்போல எல்லோர் மேலும் கோபம், மற்றபடி குறை ஒன்றுமில்லை. நீயும் அங்கே கை கால் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க, நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பா பேசவில்லையே தவிரக் கேட்காமல் இல்லை. நீ போனில் கூப்பிடும்போதெல்லாம் உன் அம்மா கை ஈரம் என்று சொல்லி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஒரே பாத்திரத்தை அரைமணி நேரம் கழுவுகிறாள். நான் பக்கத்து அறையில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரு வரிகூடப் படிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பேசிக்கொண்டதில்லை.

தாவரவியலில் முதல் வகுப்பு வாங்கியவள் அரசாங்க நாற்காலியில் உட்காருவாள் என்று நான் இருந்தபோது, இடுப்பில் பெல்ட் கட்டி மரம் ஏறி ரம்பம் பிடிக்கப் போகிறேன் என்று நீ வந்து நின்றாய். நீ என்ன குரங்கா என்று சொந்தக்காரர்கள் முன்னால் கேட்டேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அதற்கப்புறம் உன் பெரியப்பா ஒரு கல்யாணத்தில் நாலு பேர் நடுவில், "எங்கடா உன் பொண்ணு, இன்னும் மரத்த விட்டு எறங்கலையா" என்று கேட்டார். அவரை நான் சாகும்வரை மன்னிக்கப்போவதில்லை, அது தனிக் கணக்கு. ஆனால் அன்றிலிருந்து தெருவில் யார் கேட்டாலும் நீ காட்டு ஆராய்ச்சியில் இருப்பதாகச் சொல்லி வந்தேன். அதையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போன மாதம் நீ அம்மாவிடம் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி நின்ற அந்தப் பெரிய மரம். ஏறுவதற்கு முன்னால் மரத்தடியில் நின்று, வேரிலிருந்து உச்சிவரை பார்த்துப் பூர்த்தி செய்ய வேண்டிய பாதுகாப்புத் தாளை உங்கள் சூப்பர்வைசர் போகிற வழியிலேயே வேனுக்குள் நீட்டுவாராம், எல்லோரும் ஒருவர் முதுகில் ஒருவர் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்களாம். மரத்தைக் கண்ணால் பார்க்காமல் அதற்கு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுக்கிற சாமர்த்தியம் எந்த ஊரிலும் உண்டு போலிருக்கிறது. நீ போடவில்லை. இறங்கி மரத்தைச் சுற்றி வந்து மரச்சுத்தியலால் தட்டினாய். "டாக்டரம்மா வந்தாச்சு, மரமே நாக்க நீட்டு" என்று பின்னால் சிரித்தார்களாம். தட்டத் தட்டச் சத்தம் ஓரிடத்தில் மாறியது, அடியில் குவிந்திருந்த சருகைத் தள்ளினால் காளான், நீ கம்பியை விட்டுப் பார்த்தால் முழங்கை அளவு உள்ளே போய்விட்டது. ஏற வேண்டியவன், நீங்கள் நெட்டையன் என்று கூப்பிடுகிற உன் கூட்டாளி. கயிற்றைப் போட்டுவிட்டு நின்றவனை நீ ஏற விடவில்லை. மறுநாள் தூக்கு வண்டி கொண்டுவந்து, அதன் கூடையில் நின்று துண்டு துண்டாக இறக்கினார்கள். உள்ளே மிருதங்கம் மாதிரி வெறும் கூடாக இருந்தது என்று நீ சொன்னபோது உன் அம்மா பாத்திரத்தை நழுவ விட்டாள். அந்தத் துண்டுகளை அன்று மாலையே அரைத்துத் தூளாக்கிவிட்டார்கள், இப்போது காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

ஒரு நாள் வேலை ஏன் போயிற்று என்று மேலே கேட்கிறார்கள். அதனால் எல்லோரும் மரத்தடியில் நின்று சரிபார்த்தோம், ஆபத்து எதுவும் தெரியவில்லை, நீதான் காரணமில்லாமல் வேலையை நிறுத்தினாய் என்று சூப்பர்வைசர் ஒரு தாள் எழுதி நீட்டியிருக்கிறார். நெட்டையன் உட்பட அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டாயிற்று. இந்த மாதக் கடைசியில் மேனேஜர் உன்னைக் கூப்பிடுகிறார், போட்டால் வேலை இருக்கும், போடாவிட்டால் இருக்காது. "போட்டுத் தொலைச்சிடவாம்மா" என்று நீ கேட்டாய். உங்க அப்பாவக் கேளு என்றாள் அவள். "அவரு பேசவா போறாரு" என்றாய். பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

அதற்கு நாலு நாள் கழித்து நம் தெருவிலேயே, தையல்காரர் கடை முன்னால் நிற்கிற மரத்தை வெட்ட ஆள் வந்தது. மேலே ஒருவன், இடுப்பில் ஒரே கயிறு, கையில் மெஷின் ரம்பம். கீழே ஒருவன் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், அவனைத் தாண்டி ஜனங்கள் போகிறார்கள் வருகிறார்கள். ரம்பத்தை இழுப்பதற்கு முன்னால் இரண்டு இடத்தில் கட்டிக்கொள்ள வேண்டும், கை தவறி ஒன்றை அறுத்தாலும் இன்னொன்று பிடிக்கும் என்று நீ அம்மாவிடம் சொன்னது எனக்குள் இருந்திருக்கிறது. செருப்புகூடப் போடாமல் போய், ஏம்பா, இன்னொரு கயிறு எங்கே என்று கத்தினேன். "சார், இருவது வருசமா ஏறுறேன், ஒரு தடவகூட விழல" என்றான். விழுந்தவன் எவனும் விழப்போறேன்னு சொல்லிட்டு ஏறலப்பா என்றேன். உன் அம்மா வாசலில் இருந்து, "என்னங்க, உங்களுக்கு எதுக்குங்க இந்த வம்பு" என்கிறாள். கீழே நின்றவன், "சாருக்கு மரத்தப் பத்தி என்ன சார் தெரியும்" என்றான். எனக்குத் தெரியாது, என் பொண்ணுக்குத் தெரியும், அவ மரம் ஏறி வெட்டுறவ, ரெண்டு கயிறு இல்லாம மெஷினத் தொடமாட்டா என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டேன். தையல்காரர் கத்திரிக்கோலோடு எழுந்து வந்து, "ஆராய்ச்சின்னீங்களே சார்?" என்றார். நான் அண்ணாந்து மரத்தைப் பார்த்தேன். மேலே இருந்தவன்தான், "பொம்பளப் புள்ளயா? எவ்ளோ உயரம் சார் ஏறும்?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லையம்மா. நடுத்தெருவில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். பதிலுக்கு எழுதும்போது அதைச் சொல்.

அவன் சிரித்துக்கொண்டே இன்னொரு கயிற்றை மேலே வாங்கிக் கட்டிக்கொண்டான், என் வாயை அடைப்பதற்காகத்தான் இருக்கும். கீழே இருந்தவன் போனைப் பையில் போட்டு ஜனங்களை ஒதுக்கினான். ஒன்றுமே நடக்கவில்லை. கிளை விழ வேண்டிய இடத்தில் விழுந்தது, மாலையில் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போனார்கள். அன்று எனக்கு உன் வேலை புரிந்தது. நடக்காமல் போன ஒன்றைக் காட்டி எவனும் மாலை வாங்க முடியாது. நெட்டையன் இன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுக்கிறான், அதுதான் நீ செய்த காரியம், அது எந்தத் தாளிலும் வராது. என் வாழ்க்கையில் பெரிய படிப்பு, பெரிய பதவி எல்லாம் பார்த்திருக்கிறேன், பத்துப் பேர் சிரிக்கிறபோது சுத்தியலை எடுத்துக்கொண்டு தனியாக மரத்தைச் சுற்றி வந்த ஆளைப் பார்த்ததில்லை. அது என் வீட்டுப் பிள்ளை என்று நினைக்கும்போது உன் பெரியப்பாவைக்கூட ஒரு நிமிடம் மறந்துவிடுகிறேன்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டான் என்று நெட்டையனைத் திட்டாதே. அந்தக் கை எனக்குப் பழக்கமான கை. தொழிற்சாலையில் எனக்கு வரவேண்டிய பதவியை இன்னொருவனுக்குக் கொடுத்தார்கள், அதனால்தான் அப்பா இப்படி ஆகிவிட்டார் என்று நீங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டேன். நீ ஒன்றாவது படிக்கும்போது கூரைத் தகடு மாற்ற ஏறிய ஒருவன் விழுந்து இடுப்பு ஒடிந்தான். பாதுகாப்பு பெல்ட் கொடுத்தோம், அவன்தான் போட்டுக்கொள்ளவில்லை என்று ஒரு தாள் தயார் செய்து, விபத்துப் பதிவேடு எழுதுகிறவன் என்பதால் என்னிடம் நீட்டினார்கள். அந்த வருடம் பெல்ட் என்று ஒன்று வாங்கவே இல்லை, எனக்குத் தெரியும். போட்டேன். பிறகு ஒரு நாள் அவன் மனைவி அந்தத் தாளின் நகலோடு என் மேஜை முன்னால் வந்து நின்று, "எந்த பெல்ட்டு சார்? ஒரு தடவ கண்ணுல காட்டுங்க, பாத்துட்டுப் போயிடுறேன்" என்றாள். மேஜைமேல் இருந்த பேனாவைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதவியைக் கொடுக்காதவர்கள் மேல் பதினெட்டு வருடமாகக் கோபப்பட்டது, அவள் முகத்தை நினைக்காமல் இருப்பதற்குத்தான். உன் அம்மாவுக்குக்கூட இது தெரியாது.

அதனால் சொல்கிறேன், போடாதே. மேனேஜரிடம் சத்தம் போடாமல், அழாமல், தட்டியது, கேட்டது, கம்பி போன ஆழம் எல்லாவற்றையும் தேதியோடு நீயே எழுதி, அதன் கீழே உன் கையெழுத்தைப் போட்டுக் கொடு. வேலை போனால் போகட்டும். உன் கட்டில்மேல் அடுக்கியிருந்த பழைய பேப்பரையெல்லாம் நேற்று எடுத்துவிட்டேன். வேறு இடத்தில் ஏறுவாய், மரத்துக்கா பஞ்சம்.

கயிற்றில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் மாற்றிவிடு, இன்னும் ஒரு நாள் தாங்கும் என்று நினைக்காதே. வெறும் வயிற்றோடு ஏறாதே. காதுக்கு மாட்டுவதை மறக்காதே, இல்லாவிட்டால் என் வயதில் நான் கத்துவதுகூட உனக்குக் கேட்காது. முழங்கால் தைலம் எது என்று அம்மா கேட்கச் சொன்னாள், எழுது. எவ்வளவு உயரம் என்பதையும் மறக்காமல் எழுது. தீர்க்காயுசாக இரு, ஏறின இடத்திலிருந்தெல்லாம் உன் காலாலேயே இறங்கி வா.

இங்கே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை வைத்தேன், அன்று அந்த பெல்ட் தாளில் வளைந்த அதே வளைவுதான் வருகிறது. விழுந்தவன் குடும்பம் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில்தான் இருக்கிறது, நான் அந்தப் பக்கம் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை போகிறேன். பெல்ட் வாங்கவே இல்லை என்று எழுதி, அதன் கீழே போட்டு, அவள் கையில் கொடுத்த பிறகுதான் இனி வேறெதிலும் போடுவது. அதுவரை இது இப்படியே தபாலில் வரட்டும், எழுத்தைப் பார்த்தால் உனக்குத் தெரியும்.