எரிக்கக் கூடாத கடிதங்கள்

அன்புள்ள அக்கா,

மூத்த பேத்தி மருத்துவப் படிப்பின் கடைசிச் சோதனையில் தேறிவிட்டாள். அடுத்தவன் தச்சு வேலையில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து, தான் செய்த மேசையை எனக்கே கொண்டுவந்து தந்தான். நான்கு காலும் ஆடாமல் நிற்கிறது. கடைக்குட்டி நீச்சல் பழகிக் கடற்குதிரைச் சின்னம் வாங்கிவிட்டாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட என் வீட்டுப் பிள்ளைகள், பாருங்கள்.

அந்தச் சின்னத்தை அவளுடைய நீச்சலுடையில் நேற்று நான்தான் தைத்தேன். ஊசி அதில் இறங்கியதும் கை நின்றுவிட்டது. உங்கள் அம்மாவின் ஊசி நினைவுக்கு வந்தது. பிள்ளைகளின் பெருமையை முதலில் சொல்லி, முடிவில் புதிதாக ஒரு புகைப்படம் அனுப்பச் சொல்லிக் கேட்பதுதானே, பிரிந்த மகனுக்கு அவர் எழுதுவித்த கடிதங்களின் முறை. அதனால்தான் இதையும் அப்படித் தொடங்கினேன்.

டுசல்டோர்ஃபில் ஒரு மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் நாம் இருவரும் பல வருடம் படுக்கை விரிப்பு மடித்தோம். இரண்டு முனை உங்கள் கையில், இரண்டு என் கையில். கிட்ட வந்து முனையைக் கொடுத்துவிட்டு விலகிப் போவோம், மறுபடி வருவோம். அந்தப் போக்குவரத்தில்தான் உங்கள் சீன நாட்டுக் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னீர்கள். உங்கள் ஜெர்மனும் என் ஜெர்மனும் சேர்ந்தாலும் ஒரு முழு ஜெர்மன் ஆகாது. நீங்கள் சொன்னவற்றை இங்கே என் தமிழில்தான் எழுதுகிறேன்.

உங்கள் ஊர்த் துறைமுகம் ஒரு காலத்தில் ஜெர்மன்காரர் பிடித்துக் கட்டியது. அதைச் சொல்லிவிட்டு, "முதல் அவங்கள் எங்கட ஊருக்கு வந்தவங்கள், ஆரையும் கேளாமல். நான் விசா எடுத்தெல்லோ வந்தனான்" என்றீர்கள். நாம் சிரித்த சிரிப்பில் மேற்பார்வைக்காரி ஓடி வந்தாள்.

ஜெர்மன்காரருக்குப் பிறகும் ஆட்கள் வந்து போய், கடைசியில் ஜப்பான்காரர் ஊர் ஊராக எரித்துக்கொண்டு வந்தார்கள். "ரெண்டு கட்சியும் சேர்ந்து அவங்களை அடிக்கிறம் எண்டவை. சேர்ந்தது கடதாசியில" என்றீர்கள். தேசியக் கட்சியின் படை நகரங்களை மட்டும் பார்த்துக்கொண்டது. கம்யூனிஸ்டுகள் கிராமத்துக்குள் வந்தார்கள். உங்கள் வீட்டுக் கதவைக் கழற்றிப் படுக்கையாகப் போட்டுப் படுத்தவர்கள், விடிந்ததும் அதைத் திரும்ப மாட்டி, முற்றமும் கூட்டிவிட்டுப் போனார்களாம். அதைப் பார்த்துத்தான் பெரியண்ணன் அவர்களோடு போனார். பிறகு நிலக்காரரின் வயலைப் பிரித்துக் கொடுத்தபோது உங்கள் அப்பாவுக்கும் ஒரு துண்டு கிடைத்தது. அப்பா அந்த மண்ணை அள்ளி மணந்து பார்த்தாராம்.

ஜப்பான் தோற்றதும் சண்டை நிற்கவில்லை. இரண்டு கட்சிகளும் ஒன்றை ஒன்று அடித்தன. தேசியப் பக்கத்துக்கு அமெரிக்கா கப்பலும் துவக்கும் குண்டும் கொடுத்தது. வடக்கே வந்த ரஷ்யப் படை, ஜப்பான்காரர் போட்டுவிட்டுப் போன ஆயுதங்களை மற்றப் பக்கத்தின் கையில் விழவிட்டது. "துவக்கு எங்கையிருந்தும் வரட்டும், தங்கச்சி. பிடிச்ச கை எங்கட அண்ணன்மாரின்ர" என்றீர்கள்.

சின்னண்ணன் தோட்டத்தில் வெட்டிய கோவா விற்கச் சந்தைக்குப் போனவர். தேசியப் படை அவரைக் கயிற்றில் கட்டிக்கொண்டு போனது. படைத்தொப்பியோடு ஒரே ஒரு படம் வந்தது. கம்யூனிஸ்டுகள் துறைமுகத்தை நெருங்கியதும் அந்தப் படை அவரையும் கொண்டு தாய்வான் தீவுக்குக் கப்பல் ஏறியது. உங்கள் அம்மா அவித்த ரொட்டியோடு நடந்து போனபோது கரையில் கப்பல் இல்லை. சில நாளில் பெரியண்ணன் வென்ற படையோடு வந்தார். அவருக்காக அம்மா சமைத்தார். தம்பி எங்கே என்று அவர் கேட்க, அம்மா அவருடைய கிண்ணத்தை மறுபடி நிரப்பினார்.

பிறகு, எதிர்ப்பக்கத்தில் ஒரு மகன் இருப்பதே ஆபத்தானது. அம்மா ஊசியால் படத்தில் இருந்த தொப்பிச் சின்னத்தை மட்டும் சுரண்டினார். முகத்தைத் தொடவில்லை. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் கடிதம் எழுதினீர்கள். அந்தத் தீவுக்குத் தபால் இல்லை. "பிடிபட்டால் தொலைஞ்சம், எரிப்பம்" என்று நீங்கள் சொன்னதற்குக் கன்னத்தில் ஒரு அறை. உங்கள் ஊரில் செத்தவர்களுக்குத்தான் கடதாசியை எரித்து அனுப்புவார்கள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எழுதிய கடிதத்துக்கு நெருப்பா? எல்லாவற்றையும் பஞ்சுப் போர்வைக்குள் வைத்துத் தைத்துவிட்டார்.

இதை நீங்கள் சொன்ன அன்றைக்குத்தான் நான் என் கதையைச் சொன்னேன். இயக்கத்துக்குப் போன என் தம்பி அந்த உடுப்போடு ஒரு படம் அனுப்பியிருந்தான். ஆமி தேடுதலுக்கு வருகிறதென்று வீட்டு முன் ஒழுங்கையில் ஓடி ஓடிக் கத்தினார்கள். நான் படத்தை அடுப்பில் போட்டேன். ஊசி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, உடுப்பை மட்டும் சுரண்ட எனக்குத் தோன்றவில்லை. அவன் திரும்பி வரவில்லை. செத்தான் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. மீசை முளைத்த அவனுடைய முகம் வேறு எந்தப் படத்திலும் இல்லை.

நீங்கள் என் கையைப் பிடித்து, "அழாதை. எரிச்சனியெல்லோ? அவனிட்டப் போய்ச் சேர்ந்திருக்கும்" என்றீர்கள்.

"அவன் செத்தவன் எண்டு உனக்கு ஆர் சொன்னது?" தமிழில்தான் கத்தினேன். விரிப்பை நிலத்தில் போட்டுவிட்டுப் போனேன்.

ஒன்பது நாள் உங்களோடு பேசவில்லை. பத்தாம் நாள் விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றீர்கள். "ஏலாது" என்றீர்கள். நான் பழக்கிய ஒரே தமிழ்ச் சொல். தனியாக மடிக்க உண்மையிலேயே ஏலாதுதான், அக்கா. மற்ற முனைகளைப் பிடித்தேன்.

மிச்சக் கதையை அன்று சொன்னீர்கள். நாற்பது வருடம் போல் கழித்துத் தபால் திறந்தது. தாய்வானிலிருந்து ஒரு படம் வந்தது. மொட்டைத் தலையோடு ஒரு கிழவர், சின்னண்ணன்தான். அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது என்ர மாமாவெல்லோ, இவர் எப்பவோ செத்திட்டார்" என்றாராம். அதற்குப் பிறகு அவர் புதுப் படம் கேட்கவே இல்லை.

உங்களை அடக்கம் செய்த அன்று நான் கடதாசி கொண்டுவந்திருந்தேன். இங்குள்ள சவக்காலையில் நெருப்புக்கு அனுமதி இல்லை என்றாள் உங்கள் மகள். அதனால் இதை என் பால்கனியில், சாம்பிராணிச் சட்டியில் எரிக்கப் போகிறேன். தமிழ் உங்களுக்கு வாசிக்கத் தெரியாது. நெருப்புக்குத் தெரியாத மொழி இருக்குமா?

உங்களிடம் புதுப் படம் ஒன்றும் கேட்கவில்லை. தம்பிக்காக நான் இன்றுவரை ஒரு திவசம் செய்ததில்லை. ஒன்றே ஒன்று செய்யுங்கள். அங்கே இளம் பெடியன்கள் நிற்கிற பக்கம் ஒருதரம் பாருங்கள். அவன் அங்கே இருந்தால், நான் எரித்த படம் அவன் கையில் இருக்கும்; அதை வைத்து அடையாளம் பிடிக்கலாம். கண்டால் என் கனவில் வந்து சொல்லுங்கள்.

காணாவிட்டால் வர வேண்டாம், அக்கா. நீங்கள் வராத வரைக்கும் நான் அவன் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.