எங்கே அழுத்துவது

செவ்வாய்க்கிழமை, இரவு

மன்னார்புரம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் இன்று முழுக்க ‘ஆப்ஜெக்ட்’ என்ற ஒரே சொல்தான். முன்பாதியை அழுத்திச் சொன்னால் பொருள், பின்பாதியை அழுத்தினால் ஆட்சேபிப்பது. மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்ததில் கை வலிக்கிறது.

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். மாமியாருக்குத் தட்டு வைத்து, “சாப்பிடுங்கம்மா” என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது.

“ஏன் இப்படி அதட்டறே? எனக்குப் பசிக்கல” என்று எழுந்து போய்விட்டார்.

நான் சாதாரணமாகத்தான் சொன்னேன். வீட்டுக்காரரும், “இங்கயும் டீச்சராவே இருக்கணுமா?” என்றார்.

பாத்திரம் கழுவும்போது ‘சாப்பிடுங்கம்மா’ என்ற அந்த ஒரு சொல்லை விதவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். எங்கே அழுத்தினால் அன்பாகக் கேட்கும் என்று எனக்கே தெரியவில்லை. மாமியாருக்காக மூடி வைத்த தட்டு இன்னும் அப்படியே இருக்கிறது.