தம்பி கிட்டாருக்கு எந்தக் கழுத்து

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கீங்களா. நாங்க இருக்கோம், அதுக்கு மேல எழுத வரலை. போன் பண்ணினா நீ அழறே, நான் அழறேன், அப்பா எழுந்து வெளியே போயிடறார், கேட்க வந்ததைக் கேட்காமலே வச்சிடறோம். இப்போ நீ எடுக்கிறதும் இல்லை. குத்தம் சொல்லலை கண்ணு, அதான் கடிதம். எழுத்து கோணலா இருக்கும், பார்த்துக் கூட்டிப் படிச்சுக்கோ.

நான் கம்பெனிக்குத் திரும்பப் போறேன். அதே காலர் தைக்கிற வரிசைதான். சூப்பர்வைசரம்மா முதல்ல என் பக்கத்திலேயே நின்னு தண்ணி குடிங்கன்னாங்க, அப்புறம் பீஸ் குறையுதுன்னு பழையபடி கத்த ஆரம்பிச்சுட்டாங்க, எனக்கு அதுவே நிம்மதியா இருந்தது. தம்பியை இடிச்ச லாரிக்காரன் கேஸை மறுபடி தள்ளிப் போட்டிருக்காங்க. தம்பி வாசிச்சா சுவரைத் தட்டித் திட்டுவாளே பக்கத்து வீட்டுக்காரி, அவ வந்து, சத்தமே இல்லாம தூக்கம் வரமாட்டேங்குதுக்கான்னு சொல்லிட்டு உட்கார்ந்து அழறா. நான் அவளைத் தேத்தி அனுப்பினேன், போ.

விஷயத்துக்கு வரேன். தம்பி செஞ்சுக்கிட்டிருந்த கிட்டார் கட்டை அவன் கட்டில் மேலேயே கிடந்தது. விரல் வச்சு வாசிக்கிற கழுத்து ஒண்ணு வாங்கி மாட்டிட்டா முடிஞ்சுதுன்னு நினைச்சேன். கழுத்து உட்கார அவன் வெட்டி வச்ச பள்ளத்தை என் டேப்பால அளந்தேன், அகலம் ஆழம் ரெண்டும், காலருக்குப் பட்டி எடுக்கிற மாதிரி. கடையில அதே அகலத்துக்கு ஒரு கழுத்து வாங்கிட்டு வந்து வச்சா சிக்குனு உட்கார்ந்தது. அப்பாவே ஸ்குரூ போட்டார், ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் முகத்துல ஒரு தெளிவு. அவன் வாங்கி வச்சிருந்த, கம்பியைக் கீழே தாங்குற பிரிட்ஜையும் அவன் போட்ட ஓட்டையிலேயே முடுக்கினார். கம்பி கட்டக் கடைக்குக் கொண்டு போனோம். வெறும் கம்பியைத் தட்டினா சரியா இருக்கு, விரல் வச்சு மேல போகப் போக ஒவ்வொரு சத்தமும் தப்பு, எனக்கே தெரிஞ்சுது. கடைக்காரர் சொல்றார், அகலம் பார்த்தா போதாதும்மா, தலைப்பக்கம் கம்பி உட்கார்ற நட்டுல இருந்து கீழே பிரிட்ஜ் வரைக்கும் உள்ள நீளம்தான் முக்கியம்னு. தம்பி வெட்டின பள்ளம் குட்டைக் கழுத்துக்காம், பிரிட்ஜுக்கு அவன் போட்ட ஓட்டை நீளக் கழுத்துக்காம். முக்கால் அங்குலம் தள்ளி நிக்குது. பிரிட்ஜ் திருகைத் திருகி முன்னாடி கொண்டு வந்து பார்த்தார், எட்டலை. அவன் வாங்கி வச்ச நட்டும் இந்தக் கழுத்துக்கு ரெண்டு பக்கமும் நகக்கண் அளவு வெளியே நீட்டுது, அதையாவது ராவிடலாமாம்.

தம்பி யாரோ சிநேகிதன் கிட்டாரைப் பார்த்துப் பள்ளம் வரைஞ்சிருப்பான், வேற எதையோ பார்த்து ஓட்டை போட்டிருப்பான்னார் கடைக்காரர். என் பிள்ளை இல்லாத நேரத்துல குறை சொல்றியான்னு எனக்கு வாய் வரைக்கும் வந்துடுச்சு. அவர் மேல தப்பில்லை, பாவம், கட்டையைக் கீழே வைக்காம மடியிலேயே வச்சுப் பேசினார். இப்போ நீளக் கழுத்து மாட்டினா அதோட அடி அகலமா இருக்கிறதால தம்பி வெட்டின பள்ளத்தைச் செதுக்கிப் பெருசாக்கணும். குட்டையே இருக்கட்டும்னா அவன் போட்ட ஓட்டையைக் குச்சி வச்சு அடைச்சுட்டு வேற இடத்துல போடணும். எப்படிப் பார்த்தாலும் அவன் கை பட்டதுல ஒண்ணு போயிடும். அப்பா ரெண்டும் வேணாம், அப்படியே சுவத்துல மாட்டிடுங்கறார். சுவத்துல போட்டோ ஒண்ணு இருக்கே, அது போதாதா. எனக்கு அது ஒரு தடவையாவது சரியா பாடிக் கேட்கணும். கேட்கணும்னு ஆசை இருக்கு, வெட்டுங்கன்னு சொல்ல வாய் வரலை. கட்டையைத் திரும்ப வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டேன். நான் அடுப்படியில நின்னு நின்னு எதுக்கு வந்தேன்னு மறந்துட்டுத் திரும்பறேன்.

உன்கிட்டதானே அவன் வாராவாரம் போனைச் சாய்ச்சு வச்சு எல்லாத்தையும் காட்டுவான். நான் எட்டிப் பார்த்தா, உனக்கு இதெல்லாம் புரியாதும்மா போன்னு சிரிப்பான். புரியலைதான். அவன் மனசுல எந்தக் கழுத்து இருந்தது, நீளமா குட்டையா, உன்கிட்ட ஏதாவது சொன்னானா. சொல்லலைன்னா நீயே ஒண்ணு சொல்லு. நீ அக்கா, உனக்கு உரிமை இருக்கு. தப்பாப் போனாலும் ஏன்னு கேட்க மாட்டேன்.

குளிருக்குக் காதை மூடிக்கோ, குட்டி எதிர்ல சாப்பிடாம உட்காராதே, அது பார்த்துக் கத்துக்கும். மாப்பிள்ளையை வண்டி மெதுவா ஓட்டச் சொல்லு, நான் சொன்னேன்னு சொல்லு. மூணு பேரும் நோய் நொடி இல்லாம நெடுநாள் நல்லா இருக்கணும், அது ஒண்ணுதான் இப்போ நான் கேட்கிறது. பதில் மறந்துடாதே. எழுத மனசில்லைன்னா போன்ல நீளம்னோ குட்டைன்னோ ஒரு வார்த்தை சொல்லிட்டு வச்சிடு, வேற எதுவும் பேச வேணாம்.

இப்படிக்கு,
உங்க ரெண்டு பேரோட அம்மா