மச்சான், வண்டி இழுத்தது உண்மைதான்

என் பிரியமுள்ள மச்சானுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. உங்கள் பழைய பைக் இத்தனை நாளும் அறந்தாங்கியில் என் மெக்கானிக் பட்டறை மூலையில்தான் தார்ப்பாய் போர்த்தி நின்றது. போன வாரம் அக்கா வந்து, "அதை வித்துருடா. என்னால அதப் பாக்க முடியல" என்றாள்.

அன்றைக்குச் சித்திரை வெயிலில் நீங்கள் அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தீர்கள், புளியமரத்தடியில் நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தீர்கள், பிறகு எழுந்திருக்கவில்லை. பெட்ரோல் தீர்ந்திருக்கும் என்றார்கள். டேங்கைத் திறந்து பார்த்தேன், பாதி இருந்தது. பின்னே எதற்குத் தள்ளினீர்கள்? ஏழு மாதமாக இந்த ஒரு கேள்வியோடுதான் படுத்து எழுந்தேன்.

விற்பதற்கு முன்னால் ஓட்டிப் பார்க்கலாமென்று, ஜெகதாப்பட்டினம் ஐஸ் கம்பெனிக்கு நீங்கள் தினமும் வேலைக்குப் போன அதே ரோட்டில் கிளம்பினேன்.

"மாப்ள, முன்னாடி யாரோ புடிச்சு இழுக்குற மாரி இருக்குடா" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! சாயங்காலம் வண்டியை விட்டுவிட்டுப் போவீர்கள். மறுநாள் காலையில் ஸ்டாண்ட் போட்டு முன்சக்கரத்தைச் சுற்றிவிடுவேன். அது பாட்டுக்குச் சுற்றும்.

"வண்டியில ஒண்ணுமில்ல மச்சான். அக்கா சமையல்தான் ஒங்களக் கனமாக்கிருச்சு. எந்நேரமும் பிரேக் லிவர்லயே வெரல வச்சுக்கிட்டு ஓட்டுனா, இழுக்காம என்ன செய்யும்?" என்பேன். பட்டறையே சிரிக்கும். நீங்களும் சிரித்தீர்கள். மச்சானைக் கேலி பண்ண மாப்பிள்ளைக்கு இல்லாத உரிமையா?

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனதும் வண்டி கனத்தது. நான் பிரேக்கைத் தொடவே இல்லை. முறுக்க முறுக்க வேகம் குறைந்தது. இறங்கித் தள்ளினால் முன்சக்கரம் லேசில் நகரவில்லை. முன்சக்கரத்து பிரேக் டிஸ்க்கின் மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டேன். சுர்ரென்று ஆவியாகிப் போனது.

கீழே, சக்கரத்துப் பக்கம் பிரேக்கில் காற்று எடுக்கிற சின்னத் திருகைத் தளர்த்தினேன். பிரேக் ஆயில் பீய்ச்சி அடித்தது, சக்கரம் விட்டது. அப்படியானால் கோளாறு சக்கரத்தில் இல்லை, மேலிருந்து வரும் அழுத்தம் இறங்காமல் நிற்கிறது. இறுக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன், மறுபடி பிடித்தது. இந்தத் தடவை கைப்பிடியில் பிரேக் லிவர் போல்ட்டை மட்டும் தளர்த்தினேன். உடனே விட்டது. லிவரைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.

பிரேக் ஆயிலை அழுத்துகிற அதன் உள்முனை ஒரு மயிரிழை நீளம் அதிகம். யாரும் கை வைக்காமலே பிரேக்கை இம்மி அளவு அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. ஓட ஓட ஆயில் சூடேறி விரிகிறது, திரும்பிப் போக வழி இல்லாமல் சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆறிவிட்டால் ஒன்றும் தெரியாது. நான் பார்த்ததெல்லாம் ராத்திரி முழுக்க ஆறிய வண்டியைத்தான்.

நீங்கள் ஒருமுறை விழுந்து பழைய லிவர் உடைந்தபோது, அந்த டூப்ளிகேட்டை மாட்டியவன் நான். அளவுகூடப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. அந்த லிவரை விரலால் வெளிப்பக்கம் தள்ளிப் பிடித்தால், பிடி கொஞ்சம் இளகுகிறது. நீங்கள் விரலை வைத்திருந்தது பிரேக் பிடிக்க இல்லை, மச்சான். நான் செய்த கோளாறைத் தள்ளித் தள்ளித்தான் தினமும் வீடு வந்து சேர்ந்திருக்கிறீர்கள்.

நேற்று அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நாலு அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அந்த லிவரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அன்னைக்கு வழியில நின்னு போன் பண்ணாருடா. வண்டி மறுபடியும் புடிச்சுக்கிச்சு, தள்ளிக்கிட்டு வாரேன்னாரு. தம்பிய வரச் சொல்லவான்னு கேட்டேன். வேணாம், வந்து கேலி பண்ணுவான்னாரு" என்றாள். லிவரை என் கையில் திருப்பிக் கொடுத்து, "நீ தாங்க மாட்டன்னுதான் இத்தன நாளா சொல்லல" என்றாள்.

கேலி பண்ணியிருப்பேன்தான் மச்சான். ஆனால் வந்திருப்பேனே. பத்து நிமிஷத்தில் வந்திருப்பேனே.

இனி யார் வந்து வண்டி இழுக்குது என்றாலும், சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து அனுப்ப மாட்டேன். பின்னால் ஏறி உட்கார்ந்து, அது பிடிக்கிற தூரம் வரைக்கும் கூடவே போவேன். ஒருத்தரைப் பார்த்தும் சிரிக்க மாட்டேன். இது உங்கள்மேல் சத்தியம்.

கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருக்கக்கூடிய
உங்கள் மாப்பிள்ளை