ரூபன் கையில் ஹாலிஸின் அணி

பிப்ரவரி 12

அணி பயிற்சிக்காக ஃப்ளோரிடா கிளம்பிவிட்டது. என் கணவன் ஹாலிஸ் மட்டும் வீட்டில். அவன் துணிமணிகளை எடுத்து வைக்க வேண்டியதில்லை என்பது காலையில்தான் எனக்கு உறைத்தது. சமையலறைக் குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். குழாய்க்கு ஒன்றுமில்லை.

லூயிவில் பேஸ்பால் அணிக்கு யாரை எடுப்பது, யாரை விற்பது என்று இத்தனை வருஷம் முடிவு செய்தவன். அக்டோபரில் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அந்த நாற்காலியில் இப்போது ரூபன் ஒகாசியோ. ஹாலிஸுக்கு அடுத்த இடத்தில் இருந்தவன். பாதி ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் மேஜையில் சாப்பிட்டவன்.

பிப்ரவரி 20

காரில் போகும்போது ரேடியோக்காரன்: "ஹாலிஸ் ஒப்படைச்சிட்டுப் போனது அணியில்ல, ஓட்டை வண்டி. பாவம் ரூபன்!"

அணைக்கப் போனேன். "விடு, பாதி சரியாத்தான் சொல்றான்" என்றான் ஹாலிஸ்.

"எந்தப் பாதி?"

"அதைத்தான் யோசிக்கிறேன்." சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 9

ரூபன் மறுபடி போன் செய்தான். ஹாலிஸ் கையை ஆட்டினான் – இல்லையென்று சொல்.

"தூங்கறார்னு சொல்லப் போறீங்களா லோர்னா? இந்தப் பகல்லயா?"

"உன்கிட்ட எனக்குப் பொய் வராது ரூபன். அவனுக்கு இன்னும் ஆறலை."

"எனக்கும்தான்" என்றான்.

வைத்ததும் ஹாலிஸ் சொன்னான்: "நாற்காலியை எடுத்துக்கட்டும். ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

யார் பக்கம் பேசுவது? இரண்டு பேரும் எனக்கு வேண்டியவர்கள்.

மே 17

அணி தோற்றுக்கொண்டே இருக்கிறது. ஹாலிஸ் ஆட்டமே பார்ப்பதில்லை என்கிறான். கார் ஷெட்டிலிருந்து வர்ணனை கேட்கிறது.

ஜூன் 14

இன்று ரூபன் நேரில் வந்துவிட்டான். ஹாலிஸ் புல் வெட்டும் இயந்திரத்தை நிறுத்தவே இல்லை. ரூபன் வேலியோரம் நின்றான், வெட்டி முடியும்வரை. நான்தான் ஐஸ் டீ கொண்டுபோய் இருவரையும் உட்கார வைத்தேன்.

"சிகாகோக்காரங்க வில்மரைக் கேக்குறாங்க, பாஸ். பதிலுக்கு ரெண்டு இளம் பந்துவீச்சாளர்கள். நீங்க சொல்லுங்க."

வில்மர் எங்கள் கேட்சர். ஆட்டம் பூராவும் முட்டி மடக்கிக் குந்தியிருந்து பந்து பிடிப்பவன். வெனிசுவேலாவில் ஒரு மண் மைதானத்தில் ஹாலிஸ் கண்டெடுத்த பையன். முதல் கோடை முழுக்க எங்கள் மாடியறையில் இருந்தான். இன்றைக்கும் என்னை 'மமா' என்றுதான் கூப்பிடுவான். விற்காதே என்று சொல், சொல்லேன் – மனசுக்குள் கத்தினேன்.

ஹாலிஸ் வெட்டிய புல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவன் முட்டி போயிட்டிருக்கு. தெரிஞ்சுதான் வச்சிருந்தேன். என் கண்ணுக்கு அவன் இன்னும் அந்தப் பதினாறு வயசுப் பையன்தான். அனுப்பு."

பிறகு: "ஆனா டிவி பார்த்து அவன் தெரிஞ்சுக்கக் கூடாது. நீயே போய்ச் சொல்லு. ஆஃபீஸுக்குக் கூப்பிடாதே, வீட்டுக்குப் போ. பொண்டாட்டிக்குப் பிரசவ நேரம். குழந்தை பிறக்கட்டும்."

"இதெல்லாம் நம்ம கம்ப்யூட்டர்ல இல்லையே பாஸ்."

"நீ கேக்கலையேடா."

"கேக்க வந்தேன். நீங்கதான் போனை எடுக்கலை."

ரூபன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் இருட்டும்வரை ஒவ்வொரு ஆட்டக்காரனைப் பற்றியும் பேசினார்கள். யாரைத் திட்டினால் நன்றாக ஆடுவான், யாரைத் தொந்தரவு செய்யாமல் விட வேண்டும், யாருக்கு அப்பாவிடமிருந்து போன் வந்தால் அன்று ஆட்டம் கெடும். நான் மக்காச்சோளம் வேகவைத்தேன்.

அக்டோபரில் ஹாலிஸ் வெளியே வந்தான், அவ்வளவுதான். அணியை ஒப்படைத்தது இன்றைக்குத்தான்.

ஜூன் 25

வில்மருக்குப் பெண் குழந்தை. நேற்று ரூபன் அவன் வீட்டுக்கே போய்ச் சொல்லியிருக்கிறான். வில்மர் போனில் சொன்னான்: "நான் அழுதேன் மமா. ரூபனும் அழுதான். பாப்பா மட்டும் நல்லாத் தூங்கிச்சு."

நானும் அழுதேன்.

செப்டம்பர் 28

யார் நினைத்தார்கள்! அணி இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்துவிட்டது. ரேடியோவில் ரூபனுக்கு நூற்றுக்கு நூறு. ஆடுகிறவர்களில் முக்கால்வாசி ஹாலிஸ் எடுத்தவர்கள்.

"உன் பேரை ஒரு தடவை சொன்னா இந்த ரேடியோக்காரனுக்கு வாய் வெந்துடுமா?"

"விடு லோர்னா. அதுங்களை ஒண்ணாச் சேர்த்து ஆட வச்சது ரூபன். சூப் ஆறுது, சாப்பிடு."

அக்டோபர் 13

நேற்று ஒரே ஒரு ரன்னில் தோற்றுப்போனார்கள். கடைசி அடியை விட்டுக்கொடுத்தது வில்மரைக் கொடுத்து வாங்கிய பந்துவீச்சாளர்களில் ஒருவன். காலையிலேயே ரேடியோ ஆரம்பித்துவிட்டது: "வில்மரை வித்தது யாரு? ரூபனைத் துரத்துங்க!"

ஹாலிஸ் பாதி ரொட்டியை வைத்துவிட்டுக் கார் சாவியை எடுத்தான்.

"விக்கச் சொன்னது நான்னு ரேடியோவுல சொல்லப் போறியா?"

"கேட்டா சொல்லுவேன். இப்ப ரூபன் போனை எடுக்கலை. பக்கத்துல போய் உக்காரணும். இப்படித் திட்டு வாங்குற முதல் நாள் ரொம்ப மோசமா இருக்கும்."

சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தான். நான் சொல்லவில்லை.

மதியம் தாண்டியும் வரவில்லை. காத்திருக்காமல் சாப்பிட்டேன். நன்றாகப் பசித்தது.