பாலத்தில் கடும் நெரிசல்

மார்ச் 3, திங்கள்
காலை 8.40. பாலம் காலி. போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறைக் கேமராவில் ஒரு நாய் நடுக்கோட்டில் நின்று சொறிந்துகொண்டிருக்கிறது. நான் தட்டிய வாசகம்: "பாலத்தில் கடும் நெரிசல். பள்ளித் தெரு வழியே செல்லவும்." சாலையோர மின்பலகையில் சிவப்பாக எரிந்தது. ஊரே பள்ளித் தெருவுக்குள் நுழைந்து பிதுங்கியது. 8.50-க்கு எங்கள் துறை இயக்குநரின் கார் காலிப் பாலத்தில் வழுக்கிக்கொண்டு போனது. வேலையில் சேர்ந்து ஏழு மாதம். தினமும் இதே கூத்து.

சூப்பர்வைசர் சொல்வது: "நாம பொய் சொல்லலம்மா. நெரிசல் வராம தடுக்கிறோம்."

மார்ச் 6, வியாழன்
அம்மாவுக்கு டயாலிசிஸ் நாள். ஒன்பதுக்கு அங்கே இருக்க வேண்டும். பிந்தினால், பிந்திய நேரத்தைச் சிகிச்சையின் நான்கு மணி நேரத்தில் வெட்டிவிடுவார்கள். படுக்கைக்கு அடுத்தவர் காத்திருப்பார். இன்று மூன்று மணி நேரம்தான். கால் வீங்கியிருக்கிறது. ஆட்டோக்காரர் பாலத்தில் போகலாம் என்றாராம். அம்மா விடவில்லை.

"என் பொண்ணு போட்ட போர்டுய்யா. பள்ளித் தெருவுல திருப்பு."

எந்த முகத்தோடு உண்மையைச் சொல்வேன்?

மார்ச் 10, திங்கள்
இன்று அம்மாவுக்குக் கிடைத்தது இரண்டரை மணி நேரம்தான். "நீ என்னடி பண்ணுவ, ரோடு அப்படி" என்கிறாள்.

மார்ச் 12, புதன்
ஊர் விழித்துக்கொண்டது. சிவப்பு எரிந்தால் பாலம் காலி என்று கண்டுபிடித்துவிட்டார்கள். சூப்பர்வைசருக்குக் கோபம்: "ஜனங்களுக்கு ஒழுங்கே இல்ல!"

மார்ச் 13, வியாழன்
8.30-க்குப் பாலத்தில் மணல் லாரி கவிழ்ந்தது. நிஜ நெரிசல்! எழுத்து மாறாமல் அதே வாசகத்தைத் தட்டினேன். சிவப்பைக் கண்டதும் ஊர் மொத்தமும் பாலத்தில் ஏறியது. பின்னாலேயே இயக்குநர் — அவருக்காகத்தானே சிவப்பு எரியும்? மூன்று மணி நேரம் மணலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பள்ளித் தெருவில் ஒரே ஒரு ஆட்டோ. அம்மாவுக்கு முழு நான்கு மணி நேரம்.

மார்ச் 14, வெள்ளி
எனக்கு மெமோ. "வாசகம் உண்மையாக இருக்கும் நாட்களில் இயக்குநருக்கு முன்கூட்டியே தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும்."

மற்ற நாட்களில் பழையபடியே. நேற்று மணலில் மாட்டிய ஊர் இன்று பயந்து பள்ளித் தெருவுக்கே திரும்பிவிட்டது. அப்போ எங்கம்மா காலு?

மார்ச் 17, திங்கள்
8.40. பாலம் காலி. தட்டினேன்: "பாலம் காலி. எல்லோரும் வரலாம்."

யாரும் நம்பவில்லை. ஊர் பள்ளித் தெருவில் போய் முட்டிக்கொண்டது. பாலத்தின் நடுக்கோட்டில் அம்மாவின் ஆட்டோ நிதானமாகப் போனது. பின்னால் ஹாரன் அடித்தபடி இயக்குநர்.

சூப்பர்வைசர் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எடுக்கவில்லை. அம்மாவின் அழைப்பை எடுத்தேன்.

"ஒம்பதுக்கு முன்னாடியே வந்துட்டேன்டி. நான்தான் சொன்னேனே, உன் போர்டு பொய் சொல்லாதுன்னு."