செம்பும் துத்தநாகமும் நாமும்

நேற்று திருச்சானூரில் அக்கா மகளுக்குக் கல்யாணம். மணப்பெண் அறையில் யாரோ பஞ்சை நனைத்து அவளுடைய பழைய நகச்சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அசிட்டோன் வாசனை. மற்றவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். நான் உன்னை நினைத்துக்கொண்டு கதவருகே நின்றுவிட்டேன்.

திருப்பதியில் நம் ஆய்வகம் முழுக்க அந்த வாசனைதானே. நீ சத்தியவேடு பக்கம், நான் நகரி. சுற்றிலும் தெலுங்கு ஒலிக்க, நாம் தமிழில் சண்டை போட்டபடி வேலை செய்தோம். சூடான குழாய்க்குள் செம்பும் துத்தநாக ஆக்சைடும் கலந்த வினையூக்கிக் குருணை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலின் ஆவி அதன்மேல் போகும்போது இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை இழக்கும். மறுமுனையில் பனிக்கட்டிக்குள் வைத்த குடுவையில் அசிட்டோன் சொட்டும். முதல் சொட்டு விழுந்த அன்று நீ கைதட்டினாய்.

பிறகு சொட்டு குறைந்தது. குருணைமேல் கரி படிந்துவிட்டது. எரித்துவிடலாம் என்று காற்றைத் திறந்தோம். கரி ஒரேயடியாகப் பற்றி, சூடு எகிறி, செம்புத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாயின. பேராசிரியர் பார்த்துவிட்டு, "வதிலேயண்டம்மா" என்றார். இதை விட்டுவிட்டுப் பல்லேடியம் என்ற வேறு உலோகத்துக்கு மாறச் சொன்னார். அவர் போனதும் நீ குழாயில் புதுக் குருணையை நிரப்ப ஆரம்பித்தாய்.

"இன்னாடி பண்றே? விடச் சொல்லிட்டாரே."

"குருணை மேல தப்பில்லடி. நாமதான் தப்பா எரிச்சோம்."

அதிலும் கரி ஏறிய வாரத்தில் உனக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே எனக்கு வேலை சொன்னாய். "மொதல்ல நைட்ரஜன் வுட்டு உள்ள இருக்கிற ஆவிய தொரத்து. அப்புறம் நைட்ரஜனோட காத்த கொஞ்சம் கொஞ்சமா கல. சூடு ஏறினா நிறுத்து."

"தூங்கும்மா, அப்பறம் பேசலாம்" என்றார் உன் நைனா.

"இவ அவசரக்காரி நைனா. இப்ப சொல்லலன்னா கெடுத்துடுவா."

நீ சொன்னபடியே செய்தேன். கரி மெல்ல மெல்ல எரிந்து தீர்ந்தது. மறுபடி ஆல்கஹால் ஆவியை விட்டதும் குடுவையில் பழையபடி சொட்டத் தொடங்கியது. ஆட்டோ பிடித்து உன்னிடம் ஓடி வந்தேன்.

"வந்துச்சாடி?"

"மொதல்ல வந்த மாதிரியே வருது."

கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய். "ஒருவாட்டி வந்தா நம்பாத. திரும்ப கரி ஏறட்டும், திரும்ப எரி."

மறுநாள் காலை நீ இல்லை.

காரியம் முடிந்ததும் ஆய்வகத்துக்குப் போனேன். கரி ஏறவிட்டேன், எரித்தேன், மறுபடி ஏறவிட்டேன். சில நாள் அழுதுகொண்டே செய்தேன். ஆனால் செய்தேன். ஒவ்வொரு முறையும் குருணை உயிர் பெற்றது. பேராசிரியரே ஒருநாள் வந்து குடுவை நிறைவதை நின்று பார்த்தார்.

கட்டுரை எழுதியபோது உன் பெயரை முதலில் போட்டேன். "அவங்கதான் போயிட்டாங்களே, உங்க பேரு மொதல்ல இருந்தா வேலைக்கு உதவுமே" என்றார் கூட இருந்த ஒருவர். மாற்ற மாட்டேன் என்றேன். பேராசிரியர் அப்படியே கையெழுத்திட்டார்.

வேலையும் கிடைத்தது, சித்தூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில். நேர்காணலில், "இத நீங்களே கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டார்கள்.

"நாங்க கண்டுபிடிச்சோம்" என்றேன். இன்றுவரை யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்கிறேன்.